கால் மணிக்கு ஒருமுறை

கடலூர் முதுநகர்,
ஐஸ் பேக்டரிக்குப் பின்சந்து,
இறால் கம்பெனியின் குழந்தைகள் அறை.
ஏழு தொட்டில், ஏழு மெத்தை.
மெத்தை என்றால் அழுத்தினால் குழியாதது,
கையை எடுத்ததும்
தடம் வைத்துக்கொள்ளாதது.
தலையணை இல்லை, போர்வை இல்லை.
யாரோ கொடுத்த பஞ்சுக் கரடி
அலமாரி மேல் உட்கார்ந்து
கீழே இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"என்னாக்கா, புள்ளைய
வெறும் பலகையில கெடத்துனாப்ல..."
முதல் நாள் இதைக் கேட்காத தாய் இல்லை.

அஞ்சலாட்சி கேட்டதோடு நிற்கவில்லை.
வீட்டில் துருவேஷ் குப்புறத்தான் தூங்குவானாம்.
மல்லாக்கப் போட்டால் தூக்கிவாரிப் போடுமாம்,
பின்மண்டை சப்பையாகுமாம்,
மாமியார் தோசைக்கல் என்றே
பேரை மாற்றிவிடுவாளாம்.
கழுத்துத் தாயத்தைக் கழற்றச் சொன்னதும்
"ஒனக்குப் புள்ளன்னு ஒண்ணு இருந்தாத் தெரியும்" என்றாள்.

இருந்தது.

தாயத்தை வாங்கி
அவன் பேர் ஒட்டிய ஆணியில் மாட்டினேன்.
சுவரிலிருந்தும் காவல் காக்கலாம்.

ஒரு வாரம் அவனும் தூங்கவில்லை,
மற்ற ஆறையும் தூங்கவிடவில்லை.
எட்டாம் நாள் அவள்
தன் பழைய புடவையில் ஒரு முழம் கிழித்து வந்தாள்.
இறால் வாடை, வேர்வை, கொஞ்சம் பால்.
"இத மூஞ்சிகிட்டப் போடுக்கா,
அப்பிடியே அடங்கிருவான்."

அடங்கிருவான்.
அவள் பேச்சில் அதற்குத் தூக்கம் என்று அர்த்தம்.

பூப்போட்ட உறை, இலவம்பஞ்சு, நான் தைத்தது.
பதினோரு வருஷம் ஆகிறது.
காரணம் யாரும் சொல்லவில்லை,
டாக்டர் கையெழுத்து மட்டும் போட்டார்.
தலையணையாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
அதற்குப் பிறகு நான் ஊசி எடுத்ததில்லை.

புடவைத் துண்டை
ஜன்னல் கம்பிக்கு வெளியே,
எந்தக் கைக்கும் எட்டாத உயரத்தில்
இறுக்கிக் கட்டினேன்.
பன்னிரண்டு மணிக்கு மேல் கொண்டல் திரும்பியது.
துறைமுகத்து டீசல், காயும் வலை, உப்பு,
எல்லாவற்றுக்கும் நடுவில்
அவளும் உள்ளே வந்தாள்.
அவன் மூக்கை ஒருமுறை திருப்பினான்.
பிறகு மல்லாக்க,
இரண்டு கையையும் காதோரம் தூக்கி,
போலீசிடம் மாட்டியவன் மாதிரி
தூங்கிப்போனான்.

1.15. ஏழு டிக்.
1.30. ஏழு டிக்.
1.45-க்கு கரண்ட் போயிற்று.

ஃபேன் நின்றால்தான் கேட்கும்,
சாதத்தை ஊதி ஆற்றுவது போல
அறை முழுக்க மூச்சு.
கண்ணை மூடி எண்ணினேன்.
ஆறு.
மறுபடி ஆறு.
நிவிதாவின் மூக்கடியில் விரலை வைத்தேன்,
விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை,
என் விரலே நடுங்கிக்கொண்டிருந்தது.
குனிந்தேன்.
முகத்தில் நேராகத் தும்மினாள்.
அந்தத் தும்மலில் ஏழும் எழுந்து
சந்தே அதிர அழுதன.
நானும் கொஞ்சம்.

நாலரைக்கு ஷிப்ட் முடிந்து
எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்தபடி வந்தாள் அஞ்சலாட்சி.
நோட்டைப் புரட்டினாள்.
"இதென்னாக்கா, ரேஷன் கடையாட்டம் டிக்கு டிக்கா?"
"மூச்சு."
ஒரு பக்கத்தை விரலால் மேலிருந்து கீழே
தடவிக்கொண்டே போனாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு பிள்ளையின் பின்மண்டையைத் தடவி,
"சப்பையாத்தான் ஆவுது" என்றாள்.

"முழிச்சிருக்கச்சே குப்புறப் போடு,
நாம கண்ணு முன்னால."
பாயில் போட்டுக் காட்டினேன்.
தேவனாம்பட்டினம் மணலில்
முட்டை உடைத்து வரும் ஆமைக்குஞ்சு போல
கழுத்தைத் தூக்கி, தலை ஆட,
எங்கள் இருவரையும் முறைத்தான்.

அவன் போன பிறகும்
தொட்டிலில் ஆறு பேர்.
4.45.