ஏழு நொடி

வடக்கு டகோட்டாவில், கனடா எல்லைக்குப் பக்கத்தில்
ஒரு சின்னத் தொலைக்காட்சி நிலையம்.
ஆர்லன் டிவெட்டுக்கு அங்கே வேலை
நேரலை ஓடும்போது
சிவப்புப் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு
யாராவது கெட்ட வார்த்தை பேசுவார்களா என்று காத்திருப்பது.

மாவட்டம் முழுவதையும்விட
ஏழு நொடி முன்னால் வாழ்பவன்.
ஐஸ் ஹாக்கியில் கோல் விழுந்து
எதிர்த்த மதுக்கடையில் கூச்சல் கிளம்பும்போது
அவன் சூயிங்கத்தை மறு கடைவாய்க்கு மாற்றியிருப்பான்.

விதி எளிது.
காலை ஆறு முதல் இரவு பத்து வரை
பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
பத்தடித்து ஒரு நொடியில்
ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும்
ஒன்றாகத் தூங்கிப்போவார்கள்.

நம் இலக்கணத்துக்கும் இது தெரியும்.
இடக்கரடக்கல் என்று பெயர் வைத்து
‘கால் கழுவி வந்தான்’ என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்.
அங்கே சொல்கிறவனே அடக்குகிறான்.
இங்கே வாய் ஒருத்தியுடையது,
விரல் வேறொருவனுடையது.

பிப்ரவரியில் தானியக் கிடங்கு வெடித்தது.
கோதுமைத் தூசிக்கு வெடிக்கத் தெரியும் என்பது
அதுவரை நிருபருக்குத் தெரியாது.
மாலை ஆறு பதினேழு.
பனிக்காலணிகளை இடம்வலம் மாற்றிப் போட்டபடி
ஓடிவந்திருந்தாள் கொரின் ஹாக்கன்சன்.
‘இப்போது எப்படி இருக்கிறது உங்களுக்கு?’
என்று மைக்கை நீட்டினார்கள்.
அந்தக் கேள்வியைத் தடுக்க
விதியில் பிரிவு கிடையாது.

அவள் வாய் திறந்தாள்.
ஒரு சொல்.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டே, மூச்சு விடாமல்,
மகனின் பெயர்.

விரல் வேலையைச் செய்தது.
இரண்டும் சேர்ந்தே போயின
ஒரே பீப்பில்.

வியாழக்கிழமை கூட்டம் போட்டார்கள்.
அபராதத் தொகையில் எத்தனை சைபர் என்று
வக்கீல் பிரிசில்லா ஓயன் பலகையில் எழுதிக் காட்டினாள்.
‘துக்கத்துக்குச் சலுகை தந்தால்
நாளைக்குக் கோபமும் வந்து கேட்கும்’ என்றார் பாதிரியார்.
‘கேட்கட்டுமே’ என்றாள்
வானிலை சொல்லும் பெண், மெதுவாக.
அந்தச் சொல் ஆறாம் வகுப்புக் கழிப்பறைச் சுவரில்
எழுத்துப்பிழையோடு இருக்கிறது என்றார் ஒரு பள்ளி ஆசிரியர்.
காது கேளாத ஒருவரின் கடிதத்தையும் படித்தார்கள்:
எனக்கு எல்லாம் கேட்டது, உதட்டில்.
அடுத்த முறை வாயையும் மறைக்கப்போகிறீர்களா?
அதைக் குறித்துக்கொண்டார் மேலாளர்,
நல்ல யோசனை என்று.

கிடங்கு வெடித்த காட்சியை
அந்த வாரம் பதினொரு தடவை காட்டினார்கள்.
நான்கு முறை மெதுவாக.
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.
நிகழ்ச்சி நிரலில் இல்லை.

மார்ச் முடியும்போது கொரின் நிலையத்துக்கு வந்தாள்.
மன்னிப்புக் கேட்பார்கள் என்று வரவில்லை,
வழக்குப் போடவும் வரவில்லை.
வெட்டாத பதிவு இருக்கிறதா என்றுதான் கேட்டாள்.

இல்லை என்றார்கள்.
ஏழு நொடிதான் இயந்திரத்தின் ஞாபகம்.
அடுத்த ஏழு வந்ததும்
முந்தையது அழிந்துவிடும்.

‘அவன் பெயர் எனக்குத் தெரியும்’ என்றாள்.
‘அன்றைக்கு அதை எப்படிக் கூப்பிட்டேன் என்றுதான்
தெரியவில்லை.
அதற்கப்புறம் அப்படிக் கூப்பிட வரவில்லை.’

ஆர்லன் காப்பிக் கோப்பையோடு
தாழ்வாரத்தில் நின்றிருந்தான்.
அந்த ஏழு நொடியில்
அவன் ஒருவன்தான் இருந்தான்.

காலை பதினொன்றே கால்.
வரவேற்பறையில் யாரோ கூட்டிவந்த குழந்தை
மீன்தொட்டிக்கு மூக்கைக் கொடுத்திருந்தது.
கோப்பையை வைத்தான்.
தொண்டையைச் செருமினான்.
சொன்னான்,
முதலில் அந்தச் சொல்லை, அவள் சொன்ன அதே உடைவோடு,
ஒட்டியே பெயரை,
கடைசி எழுத்து மேலே ஏறி அறுந்துபோனது உட்பட.

குழந்தை திரும்பிப் பார்த்தது.
பிறகு மீனைப் பார்த்தது.

‘இன்னொரு தடவை’ என்றாள் கொரின்.