தலை, நடு, கால்

அக்கரைப்பற்று நீதிமன்றம்.
எருமை மேய்ந்த வயலுக்கான வழக்கு.
மூன்றரை ஏக்கர், குடலைப் பருவம்.

இரவிரவாய் என் பேச்சைக் கோத்திருந்தேன்.
பேச்சும் ஓர் உயிராம் கிரேக்கருக்கு,
தலை வேண்டும், நடு வேண்டும், கால் வேண்டும்.
உலகின் ஒழுங்குக்கும் பெண்ணின் நகைக்கும்
அவர்களிடம் ஒரே சொல்.
நமக்கும் ஒன்று இருக்கிறது: அணி.
கழுத்தில் கிடப்பதும் அது,
களத்தில் நிற்பதும்,
செய்யுளில் மினுங்குவதும்.

சாட்சி ஆதம்பாவா கூண்டேறினார்.
முதலில் என்ன கண்டீர்?
"வால்."
அதற்கு முன்?
"சாணி. சூடு ஆறல்ல."
அதற்கும் முன்?
"மனிசிக்கு இருமல்.
சுடுதண்ணி வைக்க எழும்பினேன்."

என் முன்னுரை அந்த இருமலில் விழுந்தது.
எதிர்த்தரப்புச் சட்டத்தரணி
கோட்டுக் கைக்குள் சிரித்தார்.

நீதவான் பேனையை மூடினார்.
"மனைவி இப்போது சுகமா?"

"மௌத்தாகிட்டா, ஐயா.
வேலி கட்டி முடிச்ச அண்டைக்கு."

மின்விசிறி சுழன்றது.
என் கோப்பில்
முதற்பக்கமாகக் கிடந்தது முடிவுரை,
எப்போது மாறியதோ.

பின்வாங்கிலிருந்து எருமைக்காரர்
எழுந்து நின்றார்,
யாரும்
பெயர் சொல்லிக் கூப்பிடாமலே.