யூனியன் பிளேஸில் ஒன்பது மீன்கள்

சனிக்கிழமை காலை ஏழரைக்கு
யூனியன் பிளேஸ் லீசிங் கம்பெனியின் பின்கதவால்
வாளியும் ரப்பர் குழாயுமாக நுழைவேன்.
கண்ணாடித் தொட்டிக்குள் ஒன்பது பிரானா.
செம்புக்காசு நிறத்தில் வயிறு.
மேலே மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறது:
கை வைக்காதீர்கள்.

தவணை பிந்தியவர்கள் குந்தும் வாங்குக்கு நேரெதிரே
தொட்டியை வைக்கச் சொன்னது மனேஜர் அபேகோன்.
சும்மா அழகுக்குத்தான் என்பார்.
ஒரு மாட்டை ஒன்றரை நிமிசத்தில் எலும்பாக்குமாம்.
ஆற்றில் இறங்கியவனின் சப்பாத்து மட்டும்
கரை ஒதுங்கியதாம்.
வாங்கில் இருப்பவர்கள் "அப்படியா" என்று கேட்டுவிட்டு
காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்,
தண்ணீர் அங்கே, கால் இங்கே என்றாலும்.

எனக்குத் தெரிந்த பிரானா வேறு.
விளக்கைப் போட்டால் ஒன்றன்பின் ஒன்றாக
மரவேரின் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும்.
குழாய் தவறிக் கண்ணாடியில் தட்டினால்
ஒன்று பக்கவாட்டில் சரிந்து
செத்ததுபோல் கிடக்கும், பிறகு
வெட்கத்தோடு எழும்பும்.
கூட்டமாகத் திரிவதும் பயத்தில்தான்;
அதுகளின் ஆற்றிலும் நீர்க்காகம் உண்டு.

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாதென்று
கொப்பியில் எழுதிப் பழகியவன் நான்.
ஒருநாள் கொம்பனித்தெரு மரக்கறிக் கடையில்
கங்குன் கட்டொன்று வாங்கிப் போட்டேன்.
தண்டைக்கூட விடவில்லை.

மணலில் ஒருமுறை பல் கிடைத்தது.
கீழ்த்தாடையின் இடது பாதி முழுக்க,
கோத்த சரம்போல ஒரேயடியாகக் கழன்றிருந்தது.
தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.
மகள் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள்.

கடித்ததும் உண்டு.
வலையில் சிக்கியதை வெறுங்கையால் எடுத்தேன்.
குரைத்தது. உண்மையாகத்தான், நாய்க்குட்டி மாதிரி.
பிறகுதான் கடித்தது.
பெரியாஸ்பத்திரியில் நாலு தையல்.
மனேஜருக்கு அன்று வாயெல்லாம் பல்.
கட்டுப்போட்ட விரலை வாங்கில் இருந்தவர்களுக்குக்
காட்டச் சொன்னார். காட்டினேன்.

போன மாதம் தலைமைக் கந்தோர் ஆட்கள் வருவதாக
புதன்கிழமையோடு தீனியை நிறுத்தினார்.
சனிக்கிழமை பத்து மணிக்கு
கோழிக்கால் ஒன்றை நூலில் கட்டி இறக்கினார்.
எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள்.
கோழிக்கால் வெள்ளையாகத் தொங்கியது.
ஒன்பதும் வேருக்குப் பின்னால்.
கொலன்னாவை இன்சாபின் மகன்
"பாவம், அதுகளுக்குப் பயம்" என்றான்.
இன்சாப் அவன் வாயைப் பொத்தினான்.
வெளியே நின்ற ஓட்டோவின் சாவியை
அதற்குள் வாங்கிவிட்டிருந்தார்கள்.

"பசி காணாது," என்றார் மனேஜர்.
இன்னும் ஒரு கிழமை.

வெள்ளி இரவு கங்குனோடு போனேன்.
பின்கதவுப் பூட்டு மாறியிருந்தது.
கட்டை மதிலில் வைத்துவிட்டு வந்தேன்,
மாடாவது தின்னட்டும் என்று.

விடிந்தபோது எட்டுத்தான்.
எட்டிலும் வால் முழுசாக இருந்தது இரண்டுக்கு.
மணலில் ஒரு தலை, கொஞ்சம் செதில்.
"பார்த்தாயா இதுகளின் குணத்தை,"
என்றபடி படம் எடுத்தார் மனேஜர்.

தொட்டியைக் கழுவி, கையைத் துடைத்து,
முன்பக்கம் வந்து நம்பர் எடுத்தேன்.
மோட்டார் சைக்கிள், இரண்டு தவணை.
நாற்பத்தொன்று.
வாங்கு நிறைய ஆள்.
ஒரு அம்மா நெருங்கியிருந்து
அரை ஆளுக்கு இடம் தந்தார்.
வாலில்லாத ஒன்று கண்ணாடியோரம் வந்து
என் விரலைப் பார்த்தது என்றுதான் நினைக்கிறேன்.
இருபத்தெட்டு என்று கூப்பிட்டார்கள்.
ஒருவரும் எழும்பவில்லை.