மூன்று கால், ஒரு கவை

பெரியமேட்டில் என் தோல் கிடங்குக்கு எதிரே
ஸ்டேடியம் பக்கம் வரிசையாக விளையாட்டுச் சாமான் கடைகள்.
கேரம் போர்டு, வெற்றிக் கோப்பை, வாலிபால் வலை
எல்லாம் இருந்தன. நான் கேட்டது மட்டும் இல்லை.
"துப்பாக்கிக்கு முட்டுக் கம்பா?"
சிரித்தான் கடைப்பையன்.
"ஹாக்கி மட்டை தரட்டுமா பாய்?"

என்னிடம் தோல் வாங்கும் ஹென்னிங்குக்கு
நமீபியாவில் பண்ணை.
ஜூனில் வா, உன் பேரில் ஒரு குடு மான் இருக்கிறது
என்று எழுதியிருந்தான்.
பேர் எழுதிய மானை எப்படி மறுப்பது?
இரண்டு கண்டெய்னர் ஆர்டர்
அதன் முதுகில் ஏறி நிற்கிறது.
துப்பாக்கி நான் தருகிறேன்,
ஊன்றுகோல் மட்டும்
உன் உயரத்துக்கு நீ பார்த்து எடுத்து வா.

என் உயரம் ஐந்தடி மூன்று.

மச்சினன் ஜுனைத் துபாயிலிருந்து மூன்று கொண்டு வந்தான்.
ஒன்றை எடுத்துக்கொள், இரண்டைத் திருப்பணும் என்றான்.
புரசைவாக்கம் மொட்டை மாடியில்
வீடு துடைக்கிற மாப்தான் துப்பாக்கி.
தண்ணீர்த் தொட்டியில் எழுதிய 'ஆயிரம் லிட்டர்'
அதன் முதல் சுழிதான் மானின் தோள்பட்டை.

இரண்டு கால் கம்பு குடை போல மடங்கியது, எடையே இல்லை.
நிறுத்தினால்
கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வந்தவன் மாதிரி
இடமும் வலமும் சாய்ந்தது.
நான்கு கால் அசையவே இல்லை.
ஆனால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு
யார் காட்டில் நடப்பது?
விரித்து முடிப்பதற்குள் மான் பேரன் எடுத்துவிடும்.

மூன்று கால் கார்பன். ஒரு கிலோ இருநூறு.
மடித்தால் அறுபத்து நான்கு சென்டிமீட்டர்,
என் பெட்டி அறுபத்தாறு.
விரிக்கையில் மட்டும் க்ளிங் என்றது.
கிடங்கிலிருந்து ஆட்டுத்தோல் வார் நறுக்கி
மூட்டுக்கு மூட்டு சுற்றினேன். அடங்கியது.

"கேமராவுக்கா சார்?" எதிர் மாடி சுலோசனா மேடம்.
"ஆமா மேடம். பறவை பாக்க."
மறுநாளிலிருந்து விடியலில் காலிங் பெல்.
மாங்குயில் வந்துச்சே, பாத்தீங்களா?
செம்போத்து ஒண்ணு முருங்கையில,
சீக்கிரம் வாங்க, போயிடும்.
போனேன். இருந்தது.
சிவந்த கண்ணால் என்னையே பார்த்தது.

மெஹ்ருன்னிசா ஒரே கேள்விதான் கேட்டாள்.
"சாப்பிடுவீங்களா அத?"
"கறி பண்ணை ஆட்களுக்கு. கொம்பு நமக்கு."
"ஃப்ரிட்ஜ் மேல இன்வெர்ட்டர் இருக்கு.
எங்க வைக்கப் போறீங்க கொம்ப?"

முப்பத்தோரு வருஷம்
மிருகத்தைப் பின்பக்கமிருந்து படித்தவன் நான்.
உண்ணி கடித்த புள்ளி,
முள்வேலி கிழித்துப் பிறகு ஆறிய கோடு,
வண்டிக்காரன் கழுத்தில் ஏற்றிய காய்ப்பு,
கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்வேன்.
துளை விழுந்த தோல் மூன்றாம் தரம்.
நானே எத்தனை லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை,
கவையில் மாப்பைச் சாத்தி
மூச்சைப் பாதியில் நிறுத்திக் குறி பார்த்தேன்.
கம்பு அசையவில்லை.
நானும் அசையவில்லை என்றுதான் நினைத்தேன்.
மாப் நுனியில் ஈரத்துணி
பொடிப்பொடியாக நடுங்கிக்கொண்டிருந்தது.
காற்றோ என்று பார்த்தேன். கொடியில் ஒரு துணியும் ஆடவில்லை.

ஞாயிறு, போர்வை துவைத்த நாள்.
கொடி தரை தட்டியது என்று
கம்பை விரித்து முட்டுக் கொடுத்திருந்தாள் மெஹ்ரு.
கனம் தாங்கி நேராக நின்றது.
காய்கிற வரை காத்திருந்து மடித்து வைத்தேன்.
சோப்பு வாசனை போகவில்லை.

மீனம்பாக்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
தோல் சுற்றிய மூன்று கால்களைத் தூக்கிப் பிடித்து
அந்தப் பெண் கேட்டாள், "என்ன சார் இது?"
கேமரா என்று நாக்கு வரை வந்தது.
"கம்பும்மா."
"எதுக்கு?"
"கை நடுங்குது."
அவள் என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.
பிறகு மெதுவாக,
ஒரு பெரியவரை உட்கார வைப்பது போல,
அதைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்து மூடினாள்.