எட்டு மில்லிமீட்டர்

கீழமாசி வீதியில்
மிளகாய் நெடி ஏறிய மாடிக்கிடங்கு.
பர்மா தேக்கில் ஒன்பது உத்தரம், தளம் போட்டது அறுபத்தொன்றில்.
தும்மலுக்கு நடுவே நூல் பிடித்து அளந்தேன்.
மூன்றாம் உத்தரத்தின் வடக்குப் பாதியில்
நாற்பத்தொரு மில்லிமீட்டர் தொய்வு.

தனுஷ்கோடி அண்ணாச்சி
பேரேடுகளை அட்டைப்பெட்டியோடு கொடுத்துவிட்டார்.
எந்த மாதம் எத்தனை மூட்டை,
புளியா மல்லியா வற்றலா,
எல்லாம் தட்டி ஏற்றினேன்.
வானிலையையும் ஏற்றினேன்.
ஐப்பசியில் ஊறும், சித்திரையில் காயும்.
சுமையோடு ஊறிச் சுமையோடு காய்கிற மரம்
ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை தணியும்.
மூட்டையை எடுத்தாலும்
தணிந்த அத்தனையும் நிமிராது.
அதற்கொரு சமன்பாடு உண்டு.

நாளுக்கொரு படியாக
அறுபத்துச் சொச்சம் வருடம்
நாற்பது நிமிடத்தில் ஓடி முடிந்தது.
எட்டு உத்தரங்கள் அளவோடு ஒட்டின.
மூன்றாவது மட்டும்
முப்பத்துமூன்று என்றது.

ஈரத்தைக் கூட்டிப் பார்த்தேன், தேக்கின் விறைப்பைக் குறைத்தும் பார்த்தேன்.
முடிச்சு, வெடிப்பு, கறையான்
டார்ச் அடித்துத் தேடினால்
மரம் சுத்தம்.

பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டேன்.
எட்டு மில்லிமீட்டருக்கு எவ்வளவு சுமை, எப்போது?
ஒரு விடை இல்லை. முன்னூறு வந்தன.
மூட்டையும் மாதமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன.
ஆனால் முன்னூறும் காட்டியது வடக்கு மூலையை;
அதுவும் எண்பத்திரண்டில் வயரிங்காரர்
சுவரில் கீறிவைத்த மட்டக்கோட்டுக்கு
முந்தைய காலத்தை.

அண்ணாச்சி திரையைப் பார்க்கவில்லை.
அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார்.
"எழுபத்துநாலு. அரிசி.
அப்பா ராத்திரியிலதான் ஏத்துவாரு.
நான் அரிக்கேன் பிடிப்பேன்."
பையன் கொண்டுவந்த பருத்திப்பாலை
என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்:
"உங்க மெஷின் இன்கம்டாக்ஸ்ல போய்ச் சொல்லாதுல்ல?"

அறிக்கையில் 'பதிவில்லாத சுமை' என்று எழுதினேன்.
வடக்கு மூலையில் நாற்பது மூட்டைக்கு மேல்
இனி ஏற்றக்கூடாது என்றும்.
மறுநாள் திரும்பி வந்தது.
'பதிவில்லாத' அடிக்கப்பட்டிருந்தது.
மேலே நடுங்கிய எழுத்தில்:
அரிசி, இருநூறு மூட்டை, பத்து மாசம்.
கீழே கையெழுத்து.

அதையும் ஏற்றி ஓட்டினேன்.
நாற்பது என்றது.

இன்னும் ஒன்று
எங்கேயோ இருக்கிறது.