நான்கு மில்லி ஆம்பியர்

சிம் லிம் டவரில், கண்ணாடிப் பெட்டிக்குள்
வரிசையாய்ப் படுத்திருந்தன சோலார் கன்ட்ரோலர்கள்.
சீட்டுக்கட்டு அளவில் ஒன்று,
சோப்புப் பெட்டி அளவில் இரண்டு,
நீலத் திரையோடு இன்னொன்று,
இந்தக் கடையிலேயே
தான் ஒருவன்தான் படித்தவன் என்பது போல.

நவம்பரில் எங்கள் படகு மூழ்கியது.
கடலில் இல்லை.
சாங்கி ஓடையில், கட்டிய கயிற்றோடு,
நாங்கள் மூவரும் அவரவர் வேலையில் இருக்க
மழை மட்டும் ஏறி உட்கார்ந்து.
தண்ணீர் இறைக்கப் பம்ப் இருந்தது.
நல்ல பம்ப்தான்.
பேட்டரியில்தான் உயிரில்லை.
சத்தியசீலன் அனுப்பிய படத்தில்
மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது,
அதன்மேல் ஒரு கொக்கு.

ஆகவே இருபது வாட்டில் ஒரு தகடு.
தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே இது.
நடுவில் ஆள் எதற்கு, நேராய்க் கொடுத்தால் என்ன,
என்றாள் ஹஃபீஸா.
பகலில் கொடுத்ததை இரவில்
சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும், என்றேன்.
எங்கள் பெரிய மாமா மாதிரியா, என்றாள்.
அதற்குப் பிறகு விளக்கத் தேவை இருக்கவில்லை.

கடைக்காரர் சியாவ் முதலில் நீட்டியதில்
எம்.பி.பி.டி. என்று தங்க எழுத்து.
அறுபத்தெட்டு வெள்ளி.
ஒரு சொட்டு வெயிலைக்கூட வீணாக்காதாம்.
கையில் வாங்கினேன். எடையே இல்லை.
உள்ளே செம்புச் சுருள் இருந்தால் கனக்க வேண்டும்.
பதினேழு வருடமாய் ரயில் சிக்னல் பெட்டிகளைத்
தூக்கி இறக்கிய கை இது,
ஸ்டிக்கர் படிக்காது.
திருப்பி வைத்தேன். சியாவ் சிரித்துவிட்டு
கீழ்த்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்தார்.
அது கனத்தது.
விலையும்.

கையேட்டைப் பிரித்தால் ஒரு வரைபடம்:
குளிரக் குளிர அதிகம் சேர்க்குமாம்,
மைனஸ் பத்து டிகிரியில் உச்சம்.
இங்கே வெயிலில் கிடக்கும் தகட்டில்
முட்டை பொரிக்கலாம்.
சூடேறினால் அதன் வோல்ட் இறங்கிவிடும்.
மிச்சம் பிடிக்க வந்தவனுக்கு
மிச்சமே இருக்காது.

பிறகு அந்த நீலத் திரைக்காரன். பத்தொன்பது வெள்ளி.
கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில்:
சொந்தச் செலவு, பதினைந்து மில்லி ஆம்பியர்.
திரைக்கு, விளக்குக்கு,
விழித்திருக்கிறேன் விழித்திருக்கிறேன் என்று
இருட்டிடம் சொல்லிக்கொண்டிருப்பதற்கு.
பெட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
டிசம்பரில் பத்து நாள் சூரியன் வராவிட்டால்
காவலுக்கு வைத்தவனே
களஞ்சியத்தில் பத்தில் ஒன்றைத் தின்றிருப்பான்.

சீட்டுக்கட்டுக்குத் திரை இல்லை.
ஒரு பச்சைப் புள்ளி,
அதுவும் ஆறு நொடிக்கு ஒருமுறை.
நான்கு மில்லி ஆம்பியர்.
பதினான்கு புள்ளி நான்கு வோல்ட் வரை ஊட்டிவிட்டு
அதன்பின் விரலை மட்டும் வைத்திருக்கும்.
இரவில் பின்கதவைச் சாத்தும்.
முப்பத்தொரு வெள்ளி.

இதில் ஒன்றும் தெரியாதே, என்றார் சியாவ்,
எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது,
எதுவுமே காட்டாது.
அங்கே பார்க்க ஆளில்லை அங்கிள், என்றேன்.
ஆள் இருந்தால் ஒரு வாளி போதுமே.
ஃபியூஸ் ஒன்றும் சேர்த்துப் போட்டார்,
அதற்கு மட்டும் காசு வாங்கவில்லை.

இன்று வியாழன், இரவு இரண்டே கால்.
பீஷான் டிப்போவின் தகரக் கூரைமேல்
மழை லாரி லாரியாய்க் கொட்டுகிறது.
ஹஃபீஸாவிடமிருந்து செய்தி:
மழை.
வேறு ஒன்றும் எழுதவில்லை.
நானும் எழுதவில்லை.
கையில் ஸ்பேனர், முன்னால் திறந்த பெட்டி.
அங்கே படகின் அடியில்
மிதவை மெல்ல எழுந்துகொண்டிருக்கும்,
அல்லது எழுந்திருக்கும்.
மனதுக்குள் எண்ணுகிறேன்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து,
பச்சை.