இரண்டாவது கழுவல்

மணி ஆறு. மழை.
தால்காவேயில் மழையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை,
ஆனாலும் சொல்கிறோம்.

யாஸ்னா சால்மன் தொழிற்சாலையிலிருந்து வர
இன்னும் ஒன்றரை மணி நேரம்.
அடுப்பில் ஈர விறகு புகைகிறது.
"நானும்" என்கிறாள் ரயென்.
நாலரை வயது. பூட்ஸ் கால் மாறியிருக்கிறது.

கிழங்கு கழுவக் கொடுத்தேன்.
இந்தத் தீவின் ஊதாக் கிழங்கு, கோணல் கிழங்கு,
கண்ணுக்குக் கண் மண்ணைப் பதுக்கிவைத்திருக்கும்.
எனக்கு ஐந்து நிமிட வேலை.
அவளுக்கு முக்கால் மணி.
தரை குளமாகி
தம்பி நாவெல் அதில் உட்கார்ந்தும் விட்டான்.

துருவிய கிழங்கைத் துணியில் கட்டி
ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினோம்.
அவள் பல்லைக் கடித்த கடியில்
பழுப்புத் தண்ணீர் சொட்டியது.
பிழிந்தது பெரும்பாலும் என் கை.
நான் சொல்லவில்லை.

யாஸ்னா மீன் வாடையோடு வந்து உட்கார்ந்தாள்.
அவளுக்கு மட்டும் குழம்புக் கரண்டி வைத்திருந்தது.
"அம்மாவுக்குப் பசி பெருசு."
மில்க்காவைப் பிட்டு வாயில் போட்டவள்
"யார் பிழிஞ்சது? ஒரு சொட்டு ஈரமில்லையே" என்றாள்.
நாவெல்கூட நிமிர்ந்து பார்த்தான்.

சாப்பிட்ட பின் நாற்காலி தொட்டியோரம் நகரும்.
முழங்கை வரை நுரை. கோப்பைகள் அவள் பொறுப்பு.
அவள் தூங்கிய பின்
குழாயைத் திருடனைப்போல் மெல்லத் திறந்து
எல்லாவற்றையும் நான் மறுபடி கழுவுவேன்.
"விட்டுத் தொலையேன்" என்பாள் யாஸ்னா.
"சோப்பு வாடை அடிக்குது" என்பேன்.

ஒரு வியாழக்கிழமை இரவு
ஒன்றுக்குப் போக எழுந்தவள்
வெறுங்காலோடு வாசற்படியில் நின்றாள்.
என் கையில் நீலக் கோப்பை.
"அது நான் கழுவினது."
கேள்வியாகக் கேட்டிருந்தால்
ஏதாவது பொய் கிடைத்திருக்கும்.

மறுநாள் நாற்காலி சுவரோரம்.
"வாயேன்" என்றேன்.
"நீதான் நல்லாக் கழுவுறியே."
பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.
தரையில் ஒரு துளி ஈரமில்லை.
என்ன செய்வதென்று தெரியாமல்
காய்ந்த தரையைத் துடைத்தேன்.

சனிக்கிழமையும் அப்படியே.

ஞாயிறு, நீர் வற்றிய நேரம்
ஒரு வாளி சிப்பி அள்ளிவந்தேன்.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் நார்த்தாடி.
பிடுங்கிவிட்டுத்தான் வேகவைக்க வேண்டும்.
வாரம் முழுக்கப் படகுக்குத் தார் பூசிய விரல்
தடித்துப்போய் வழுக்கியது.
நடிக்கவில்லை. இனி நடிப்பதில்லை என்றிருந்தேன்.
கதவோரம் நின்று பார்த்தவள்
பொறுக்கமாட்டாமல் வந்து குந்தினாள்.
"இப்படி இல்லப்பா. இப்படி."
சின்ன நகம், ஒரு வெட்டி இழுப்பு.
தாடியை வாளி விளிம்பில் ஒட்டவைத்தாள்.
அடுத்தது. அடுத்தது.

மேசையில் ஆவி.
யாஸ்னா வாயிலிருந்து ஒரு நாரை எடுத்து
பேசாமல் தட்டோரம் வைத்தாள்.
எனக்கு இரண்டு. விழுங்கிவிட்டேன்.
மூன்றாவது ரயென் வாயிலேயே அகப்பட்டது.
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து
"அய்யோ, இதை நான் விட்டுட்டேன்" என்று
உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள்.
எதற்கென்று தெரியாமல் நாவெலும் சிரித்தான்,
வாய் நிறைய சோற்றோடு.

பிறகு அவளே நாற்காலியை இழுத்துவந்தாள்.
நான் ஏறச் சொன்னபோது தலையாட்டினாள்:
"இன்னிக்கு நீ முதல்ல கழுவு.
ரெண்டாவது கழுவல் நான்."

கழுவினேன், பயந்து பயந்து.
ஒவ்வொன்றையும் வாங்கி
உள்ளே விரல் விட்டுத் தடவி
மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.
நீலக் கோப்பையில் நின்றது கை.
அடியில் ஒரு தேயிலைத் துணுக்கு.

"அப்பா" என்றாள், மிகவும் பொறுமையாக.